பழைய வீட்டுத் திருட்டு அலாரத்தைக் குறைந்த செலவில் பழுது பார்ப்பது எப்படி?

பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் தனி வீடு கட்டியவர்களில் பலர், கட்டுமானத்தின்போதே சுவருக்குள் பைப் பதித்து, வாசல் கதவு, பின்கட்டுக் கதவு, மொட்டை மாடிக் கதவு, ஹால் என எல்லா இடங்களுக்கும் வயர் இழுத்து ஒரு திருட்டு அலாரத்தைப் பொருத்திக்கொண்டார்கள். அவற்றில் கணிசமானவை இன்று வெறும் பெட்டியாகச் சுவரில் தொங்குகின்றன. ஏதோ ஓர் இரவில் காரணமில்லாமல் அலறியதால் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அல்லது கீபேடில் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியபின் யாரும் அதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். பழுது பார்க்க ஆளை அழைத்தால், "இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வராது சார், கழட்டிப் போட்டுட்டு கேமரா வெச்சிடலாம்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும்.

அந்தப் பதிலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இத்தகைய அமைப்பில் உண்மையில் விலைமதிப்பானது சுவருக்குள் ஓடும் வயரிங்தான். அதை இன்று புதிதாகச் செய்ய வேண்டுமென்றால் சுவரைக் கொத்த வேண்டும், பூச வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். அந்த வயரிங் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போவது பேட்டரி, கதவுக் காந்த சென்சார், ஒரு ஃப்யூஸ், ஒரு துருப்பிடித்த இணைப்பு போன்ற மலிவான பொருள்களே. ஆகவே பழுதைச் சரியான வரிசையில் தேடுவதுதான் பணத்தை மிச்சப்படுத்தும் வழி. பேட்டரியில் தொடங்கி, வெளியே உள்ள சென்சார்களைப் பார்த்துவிட்டு, அலாரத்தைக் கட்டுப்படுத்தும் பேனல் பெட்டிக்குள் இருக்கும் போர்டுக்குக் கடைசியாக வர வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், நல்ல பேனலைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்கிய பின்பும் அதே பழுது தொடரும்.

இந்த வழிகாட்டி வயர் மூலம் இயங்கும் பழைய அமைப்புகளுக்கானது. தேவைப்படும் முதலீடு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டுமே. வீட்டு உபயோகத்துக்கு ஏறத்தாழ 300 முதல் 800 ரூபாய்க்குள் கிடைப்பதே போதும்.

தொடங்குவதற்கு முன்

பேனல் பெட்டியைத் திறப்பதற்கு முன் மூன்று ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள். முதலாவதாக, பக்கத்து வீட்டாரிடம் இன்று அலாரம் அடிக்கக்கூடும் என்று சொல்லிவிடுங்கள். அலாரம் தானாக யாருக்கேனும் போன் செய்யும் வகையாக இருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். இரண்டாவதாக, போர்டின் மீது ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு இணையத்தில் அதன் பொருத்துநர் கையேட்டைத் தேடி எடுங்கள். பயனர் கையேடு இந்த வேலைக்குப் போதாது. எந்த முனையில் எந்த வயர் வர வேண்டும், எந்த மதிப்புள்ள ரெசிஸ்டர் (மின்தடை) தேவை என்பவை பொருத்துநர் கையேட்டில்தான் இருக்கும். மூன்றாவதாக, எதையும் கழற்றுவதற்கு முன் போர்டை நல்ல வெளிச்சத்தில், வயர்களின் நிறம் தெளிவாகத் தெரியும்படி, பல கோணங்களில் போன் கேமராவில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் செலவில்லாத இந்த வேலை, பின்னர் ஒரு மெக்கானிக்கின் அரைநாள் கூலியைக் காப்பாற்றும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் பக்கம் 230 வோல்ட். அது உயிரைப் பறிக்கக்கூடியது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து போர்டுக்குச் செல்லும் பக்கம் பொதுவாக 16 முதல் 18 வோல்ட் ஏசி, அதற்கப்பால் எல்லாம் 12 வோல்ட் டிசி. மெயின் ஸ்விட்சை அணைத்து, டெஸ்டரால் சரிபார்த்த பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். 230 வோல்ட் பக்கத்தில் எந்த வேலை இருந்தாலும் அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். சில வெளிப்புற சைரன்களுக்குள் தனியாக ஒரு பேட்டரி இருக்கும் என்பதையும் கவனியுங்கள். பேனலில் மின்சாரத்தைத் துண்டித்தவுடன், யாரோ வயரை வெட்டிவிட்டதாகக் கருதி அது அலறத் தொடங்கும். கையேட்டில் சர்வீஸ் மோடு என்று ஒன்று இருந்தால் முதலில் அதற்குள் சென்றுவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. ஏணி மீது நின்றுகொண்டு காதருகே 100 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தைக் கேட்பது ஆபத்தானது.

படி 1: பேட்டரி

பழைய அலாரத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடும். பேனலுக்குள் செங்கல் வடிவில் ஒரு சீல் செய்யப்பட்ட லெட் ஆசிட் பேட்டரி இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் அளவுடையது. இதன் ஆயுள் 3 முதல் 5 ஆண்டுகள் என்று சொல்லப்படுவது 25 டிகிரி வெப்பநிலையைக் கணக்கில் வைத்து. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும். மாடிப்படிக்கு அடியிலோ, மேற்கு வெயில் படும் சுவரிலோ, பரண்மேலோ பேனலை வைத்திருக்கும் தமிழ்நாட்டு வீடுகளில் இரண்டு, மூன்று கோடைகளைத் தாண்டினாலே அதிகம்.

பேட்டரியை வெளியே எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டுச் சுவர்கள் வெளியே உப்பியிருந்தாலும், முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தாலும், வேறு சோதனையே தேவையில்லை. அது மாற்ற வேண்டியதுதான். பார்வைக்கு நன்றாக இருந்தால் வோல்டேஜை அளந்து பாருங்கள். சார்ஜிலிருந்து துண்டித்துச் சில மணி நேரம் கழித்து 12.7 அல்லது 12.8 வோல்ட் காட்டினால் சார்ஜ் முழுமையாக இருக்கிறது என்று பொருள். 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் வெறும் வோல்டேஜை மட்டும் நம்பிவிடக் கூடாது. சுமை இல்லாதபோது 12.6 காட்டும் பேட்டரி, சைரன் ஒலிக்கத் தொடங்கிய சில நொடிகளில் 10.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்து பேனலையே அணைத்துவிடுவது சர்வசாதாரணம். எனவே பேட்டரியைப் பேனலில் மாட்டி, மெயின் மின்சாரத்தை மட்டும் அணைத்துவிட்டு, சைரனை ஒரு நிமிடம் ஒலிக்கவிட்டு, அந்த நேரத்தில் பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 12 வோல்ட்டை ஒட்டி நின்றால் பேட்டரி நல்லது. மளமளவென்று இறங்கினால் அது முடிந்துவிட்டது.

மின்வெட்டு ஏற்பட்டு மீண்டும் மின்சாரம் வரும்போதெல்லாம் அலாரம் தானாக அலறுகிறது என்ற பரவலான புகாருக்கும் பெரும்பாலும் இந்தப் பேட்டரிதான் காரணம். மின்சாரம் போன நொடியில் பேட்டரி தாங்காததால் பேனல் முழுவதுமாக அணைந்து, பின்னர் உயிர் பெறும்போது தன் நிலையை மறந்து குழம்புகிறது.

புதிய பேட்டரியை அலாரம் நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. கணினி யு.பி.எஸ்.களில் போடப்படுவதும் இதே 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரிதான். ஆகவே யு.பி.எஸ். சர்வீஸ் கடைகளிலும், சென்னையில் ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளிலும் இது எளிதாகக் கிடைக்கிறது. விலை பிராண்டைப் பொறுத்து ஏறத்தாழ 900 முதல் 1,500 ரூபாய்க்குள் இருக்கும். வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, எடை: நல்ல 7 ஆம்பியர்-அவர் பேட்டரி சுமார் 2 கிலோ அல்லது அதற்குச் சற்று மேல் இருக்கும். கையில் எடுத்தவுடன் இலேசாகத் தோன்றினால் உள்ளே ஈயம் குறைவு என்று அர்த்தம். லேபிளில் என்ன அச்சிட்டிருந்தாலும் அதை வாங்காதீர்கள். மற்றொன்று, தயாரிப்புத் தேதி: சார்ஜ் ஏறாமல் ஓராண்டு அலமாரியில் கிடந்த பேட்டரி, விலை குறைவாகக் கிடைத்தாலும் நஷ்டம்தான். பழைய பேட்டரியைக் குப்பையில் போட வேண்டாம். உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கின்றன. கடைக்காரரிடம் கொடுத்தால் பழைய ஈயத்துக்கு உரிய தொகையைப் புதிய பேட்டரியின் விலையில் கழித்துக்கொள்வார்.

படி 2: சார்ஜ் சரியாகப் போகிறதா?

புதிய பேட்டரியை மாட்டிவிட்டு அத்துடன் நின்றுவிடுபவர்கள் அநேகம். ஆறே மாதத்தில் புதிய பேட்டரியும் உப்பிப்போகும்போது, "இப்பல்லாம் பேட்டரி குவாலிட்டியே இல்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். உண்மையான குற்றவாளி பேனலின் சார்ஜிங் சர்க்யூட்டாக இருக்கலாம். பேட்டரியை மாட்டி ஒரு நாள் கழித்து, மெயின் மின்சாரம் இருக்கும்போது, அதன் முனைகளில் அளந்து பாருங்கள். 13.5 முதல் 13.8 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 14.4க்கு மேல் தொடர்ந்து நின்றால் பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது. 13க்குக் கீழே இருந்தால் அது ஒருபோதும் முழுமையாக நிரம்பாது. சில போர்டுகளில் இந்த வோல்டேஜைத் திருத்துவதற்கென்றே ஒரு சிறிய திருகு இருக்கும். இல்லாவிட்டால் இது போர்டு பழுது. அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

சார்ஜே வரவில்லை என்றால் கண்ணாடிக் குழாய் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மல்டிமீட்டரின் கன்டினியூட்டி ஒலியில் (இணைப்பு அறுபடாமல் இருந்தால் ஒலிக்கும் அமைப்பில்) சோதியுங்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இழை அறுந்தது சில சமயம் மூடிக்குள் மறைந்திருக்கும். மாற்றும்போது அதே ஆம்பியர் மதிப்பில்தான் மாற்ற வேண்டும். 1 ஆம்பியர் ஃப்யூஸ் போகிறதே என்று 5 ஆம்பியர் போடுவதும், வெறும் கம்பியைச் சுற்றிவிடுவதும் டிரான்ஸ்ஃபார்மரை எரித்துவிடும்.

படி 3: பழுது எந்த ஜோனில் இருக்கிறது?

பேட்டரியும் மின்சாரமும் சரியான பிறகும் அலாரம் ஆர்ம் ஆக (காவல் நிலைக்குச் செல்ல) மறுத்தால், அல்லது காரணமின்றி அலறினால், வயரிங்கிலோ சென்சாரிலோ கோளாறு இருக்கிறது. பழைய அமைப்புகளில் ஒவ்வொரு கதவும் அறையும் ஒரு ஜோன். ஒவ்வொரு ஜோனிலும் இரண்டு வயர்கள் பேனலிலிருந்து கிளம்பி, சென்சார்கள் வழியாகச் சுற்றி மீண்டும் பேனலுக்கே வருகின்றன. கதவு மூடியிருக்கும்வரை அந்தச் சுற்று மூடியிருக்கும். கதவு திறந்தால் அறுபடும். பல பேனல்களில் சுற்றின் கடைசியில், அதாவது சென்சாருக்குள், ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அதன் மதிப்பு பேனலைப் பொறுத்து 1 கிலோ ஓம், 2.2 கிலோ ஓம், 5.6 கிலோ ஓம் என்று மாறும். யாராவது வயரை வெட்டினாலும், இரண்டு வயர்களையும் சேர்த்து முறுக்கினாலும் பேனலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

எளிமையான, நம்பகமான சோதனை இதுதான். மெயின், பேட்டரி என எல்லா மின்சாரத்தையும் அணைத்துவிட்டு, தொல்லை தரும் ஜோனின் இரண்டு வயர்களையும் பேனலிலிருந்து கழற்றி, அங்கே கையேடு சொல்லும் மதிப்புள்ள ரெசிஸ்டர் ஒன்றை நேரடியாக மாட்டுங்கள். ரெசிஸ்டர் பயன்படுத்தாத பேனலாக இருந்தால் ஒரு துண்டு வயரால் இரண்டு முனைகளையும் இணையுங்கள். மீண்டும் மின்சாரம் கொடுக்கும்போது கோளாறு மறைந்துவிட்டால் பேனல் நலமாக இருக்கிறது, பழுது வெளியே இருக்கிறது. மறையாவிட்டால் பேனலின் அந்த உள்ளீடுதான் கெட்டிருக்கிறது. கையிருப்பில் காலி ஜோன் இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளலாம், செலவே இல்லை. ரெசிஸ்டரின் விலை ஒன்றிரண்டு ரூபாய்தான். இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டு மெக்கானிக்கை அழைத்தால், "பேனல் போயிடுச்சு" என்ற வாக்கியத்தை உங்களிடம் யாரும் எளிதில் சொல்ல முடியாது.

பழுது வெளியே இருக்கிறது என்று தெரிந்த பின், கழற்றிய அந்த இரண்டு வயர்களுக்கிடையே ஓம் அளவை எடுங்கள். கதவுகள் மூடியிருக்க வேண்டும், பி.ஐ.ஆர். சென்சார் (ஆள் நடமாட்டத்தை உணரும் வெள்ளைப் பெட்டி) உள்ள ஜோனில், மின்சாரம் இல்லாதபோது அதன் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் உள் ஸ்விட்ச்) திறந்தே இருக்கும் என்பதால், சென்சாரின் இரண்டு ரிலே முனைகளையும் தற்காலிகமாக இணைத்துக்கொண்டு அளக்க வேண்டும். ரெசிஸ்டர் உள்ள சுற்றில் அதன் மதிப்போடு சில ஓம்கள் கூடுதலாகவும், ரெசிஸ்டர் இல்லாத சுற்றில் ஒற்றை இலக்கத்திலோ சற்றுக் கூடுதலாகவோ காட்ட வேண்டும். எல்லையற்றது என்று காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட். மிகவும் ஏமாற்றக்கூடியது மூன்றாவது நிலைதான்: எண் நிலையாக நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது. அது துருப்பிடித்த இணைப்பின் அடையாளம். மழைக்காலத்தில் மட்டும், நள்ளிரவில் மட்டும் அலறும் அலாரங்களின் பின்னணியில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. கடலோர ஊர்களில், முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்ட செம்பு இணைப்புகளைப் பிரித்துப் பார்த்தால், பச்சைப் பொடி உதிரும். கம்பி உள்ளே கறுத்துப்போயிருக்கும். அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, பளபளக்கும் செம்பு தெரியும்வரை உறையை உரித்து, சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடினால் அந்த இணைப்பு அடுத்த பல ஆண்டுகளுக்குத் தொல்லை தராது.

வயர் எங்கே அறுந்திருக்கிறது என்று தேடும்போது, சுற்றை நடுவில் இருக்கும் சென்சாரில் பிரித்து, எந்தப் பாதியில் பழுது இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்குங்கள். சுவருக்குள் பைப்பில் ஓடும் வயர் கெடுவது அரிது. எலி கடிக்கக்கூடிய பரண், ஃபால்ஸ் சீலிங், கதவுச் சட்டத்தின் விளிம்பு, சமீபத்தில் யாராவது ஆணியடித்த அல்லது டிரில் போட்ட இடம் ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும்.

கதவுக் காந்த சென்சார்கள்

கதவின் சட்டத்தில் ரீட் ஸ்விட்ச், கதவில் காந்தம்: இவ்வளவுதான் இதன் அமைப்பு. ரீட் ஸ்விட்ச் என்பது சிறிய கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் அருகில் வந்தால் ஒட்டிக்கொள்ளும். பொதுவாக இரண்டுக்கும் இடையே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்குள் இடைவெளி இருந்தால் இது வேலை செய்யும். மரக்கதவு மழைக்காலத்தில் ஊதி, கோடையில் சுருங்கும். கீல் தளர்ந்து கதவு இறங்கும். அப்போது இடைவெளி எல்லையைத் தொட்டு, காற்றில் கதவு ஆடினாலே அலாரம் அடிக்கும். காந்தத்துக்கு அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டை வைத்து முன்னே கொண்டுவந்தால் பிரச்சினை தீரும். சென்சாரை மாற்ற வேண்டியதில்லை. பின்னாளில் மரக்கதவுக்கு முன்னால் இரும்புக் கதவு போட்டவர்கள், பழைய சென்சாரை அதற்கு மாற்றியிருந்தால், அது தடுமாறுவதில் வியப்பில்லை. இரும்பு காந்தப்புலத்தை இழுத்துக்கொள்ளும். அதற்கென்றே பெரிய காந்தமும் அகன்ற இடைவெளியும் கொண்ட ஷட்டர் வகை சென்சார்கள் கிடைக்கின்றன.

சில சமயம் கதவைத் திறந்தாலும் அலாரத்துக்குத் தெரியாது. ரீட் ஸ்விட்சின் தகடுகள் உள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டன என்று பொருள். பொய்யாக அலறும் சென்சாரைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் இது எந்தப் புகாரும் சொல்லாது. விலை சுமார் நூறு ரூபாய், தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

பி.ஐ.ஆர். சென்சார்கள்

ஹால் மூலையில் இருக்கும் வெள்ளைப் பெட்டி, மனித உடல் வெளிவிடும் அகச்சிவப்பு வெப்பம் நகர்வதைக் கண்டறிகிறது. அதன் மூடியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்பதைப் பெரும்பாலான வீட்டார் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வயர் நுழையும் துளையை யாரும் அடைத்திருக்க மாட்டார்கள். அதன் வழியாக எறும்புகள் புகுந்து மண்ணும் முட்டையுமாகக் கூடு கட்டியிருக்கும், லென்சின் உட்புறம் சிலந்தி வலை படிந்திருக்கும், போர்டின் மீது பல்லி எச்சம் காய்ந்திருக்கும். சென்சாரின் கண்ணுக்கு ஒட்டி நகரும் ஓர் எறும்பு, அறையில் நடக்கும் ஆளைப்போலவே தெரியும். மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் போர்டைத் துடைத்து, துளையைச் சிலிக்கான் பசையால் அடைத்துவிட்டால், "கெட்டுப்போன" சென்சார்களில் பல மீண்டும் ஒழுங்காக வேலை செய்யும். நடுவில் இருக்கும் சிறிய உலோகக் கண்ணை மட்டும் விரலால் தொடாதீர்கள்.

சென்சாருக்கு வரும் மின்சாரத்தையும் அதன் முனையிலேயே அளக்க வேண்டும். பேனலில் 13 வோல்ட்டுக்கு மேல் இருந்து, தொலைவிலுள்ள சென்சாரில் 10 மட்டுமே வந்தால், இடையில் ஒரு மோசமான இணைப்பு இருக்கிறது. சென்சாரை மாற்றினாலும் அது தீராது.

பொய் அலாரத்துக்குச் சுற்றுப்புறமும் காரணமாகலாம். ஜன்னல் வழியாக நேரே விழும் வெயில், மின்விசிறிக் காற்றில் அசையும் திரைச்சீலை, ஏசியின் காற்று, சென்சாரின் பார்வையில் படும் பூஜையறை விளக்கின் சுடர் ஆகியவை அதைத் தூண்டக்கூடியவை. சென்சாரின் கோணத்தைச் சற்றே திருப்புவது, அல்லது உள்ளே இருக்கும் பல்ஸ் ஜம்பரை (எத்தனை அசைவுக்குப் பின் அலற வேண்டும் என்பதை அமைக்கும் சிறு இணைப்பை) ஒன்றிலிருந்து இரண்டுக்கோ மூன்றுக்கோ மாற்றுவது போதும். ஆனால் நம் ஊரில் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பூட்டிய வீட்டில் மே மாதப் பிற்பகலில் அறையின் வெப்பம் மனிதத் தோலின் வெப்பத்தை நெருங்கிவிடும், அப்போது பி.ஐ.ஆர். சென்சாருக்கு மனிதனும் சுவரும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். இதை ஈடுகட்டும் வசதி நல்ல சென்சார்களில் உண்டு, மலிவானவற்றில் பெரும்பாலும் இல்லை. எனவே நடந்து பார்க்கும் சோதனையைக் கோடையின் நடுப்பகலில் செய்யுங்கள். அதில் தோற்கும் சென்சாரை, வெப்ப ஈட்டு வசதி உள்ள புதிய ஒன்றால் மாற்றுவது நியாயமான செலவு. ரிலே வெளியீடு கொண்ட எந்த 12 வோல்ட் வயர் சென்சாரும் பழைய பேனலுடன் சேரும். அதே கம்பெனிதான் வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் நம்ப வேண்டாம். விலை ஏறத்தாழ 500 முதல் 1,200 ரூபாய்வரை.

சைரனும் போன் டயலரும்

சைரனைச் சோதிக்க, அதைப் பேனலிலிருந்து கழற்றி நேராக 12 வோல்ட் பேட்டரியில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். ஒலித்தால் சைரன் நல்லது. வெயிலிலும் மழையிலும் வெளியே கிடந்த சைரனின் பிளாஸ்டிக் பொடிந்துபோயிருந்தால், சில நூறு ரூபாயில் புதியது வாங்கிவிடுங்கள்; இதைப் பழுது பார்ப்பது வீண்.

டயலரில் வேறுவிதமான பிரச்சினை. பழைய ஆட்டோ டயலர்கள் செம்புக் கம்பி லேண்ட்லைனை நம்பியவை. உங்கள் இணைப்பு ஃபைபருக்கு மாறியிருந்தால், டயலர் இப்போது செத்த வயரில் பேசிக்கொண்டிருக்கலாம். ஃபைபர் மோடத்தின் போன் துளையில் மாட்டினால் சில டயலர்கள் வேலை செய்யும். ஆனால் மின்சாரம் போனால் மோடமும் அணையும் என்பதால், மோடத்துக்கும் பேட்டரி ஏற்பாடு வேண்டும். சிம் போட்டு இயங்கும் பழைய ஜி.எஸ்.எம். டயலர்களில் பெரும்பாலானவை 2ஜி மட்டுமே அறிந்தவை. ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது என்பதால் அந்த சிம்மைப் போட்டால் ஒருபோதும் இணையாது. உங்கள் பகுதியில் 2ஜி சிக்னல் தரும் வேறு நிறுவனத்தின் சிம் வேண்டும், அதன் ரீசார்ஜ் காலாவதியாகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். "டயலர் கெட்டுப்போச்சு" என்று தூக்கி வீசப்பட்டவற்றில் பல, ரீசார்ஜ் முடிந்துபோன சிம்மினால் ஊமையானவைதான். புதிதாக வாங்குவதானால் 4ஜி டயலராகவே வாங்குங்கள். பேனலின் சைரன் வெளியீட்டையே தூண்டுதலாக ஏற்பவை கிடைக்கின்றன, பேனலை மாற்ற வேண்டியதில்லை.

போர்டு பழுதானால் யாரிடம் கொடுப்பது?

இவ்வளவும் பார்த்த பிறகுதான் பேனல் போர்டின் மீது சந்தேகப்பட வேண்டும். மேற்புறம் உப்பிய அல்லது அடியில் கசிந்த எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள், இடி விழுந்தபின் கருகி வெடித்த வாரிஸ்டர் (திடீர் மிகை மின்னழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும் பாகம்), தொடர்பு கெட்ட ரிலே, வெடிப்பு விட்ட சால்டர் இணைப்பு ஆகியவையே வழக்கமான கோளாறுகள். இவை எல்லாமே சில பத்து ரூபாய்ப் பொருள்கள், கூலிதான் செலவு. மைக்ரோ கன்ட்ரோலர் சிப்பே போய்விட்டால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, ஏனெனில் அதற்குள் இருக்கும் புரோகிராம் கடைகளில் கிடைக்காது.

இந்த வேலைக்கு கேமரா பொருத்தும் ஆளை அழைப்பது பெரும்பாலும் பயனற்றது. அவருடைய வருமானம் புதிய பொருளை விற்பதில் இருக்கிறது. போர்டில் சால்டரிங் செய்வது அவருடைய தொழில் அல்ல. பழைய டி.வி., யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் போர்டுகளைப் பழுது பார்க்கும் கடைக்காரர்கள்தான் சரியான ஆட்கள். வயரிங் வேலைக்கு இன்டர்காம், ஈ.பி.ஏ.பி.எக்ஸ். (அலுவலக உள் தொலைபேசி இணைப்பகம்) செய்து பழகியவர்கள் மிகவும் பொருத்தமானவர்கள். போர்டை நீங்களே கழற்றிக் கடைக்கு எடுத்துச் சென்றால் வீட்டுக்கு வரும் கட்டணமும் மிச்சம். அப்படிக் கழற்றும்போது ஒவ்வொரு வயரிலும் முனையின் பெயரை எழுதிய டேப்பை ஒட்டிவிடுங்கள்.

ஆள் வீட்டுக்கு வரத்தான் வேண்டும் என்றால், வருவதற்கு முன்பே வருகைக் கட்டணத்தைக் கேளுங்கள். அது பழுதுக் கூலியில் கழிக்கப்படுமா என்பதையும் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும், பாகத்துக்கும் கூலிக்கும் தனித்தனியாகப் பில் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாஸ்டர் கோடை யாரிடமும் சொல்ல வேண்டாம். நீங்களே அழுத்துங்கள், அவர் சென்ற அன்றே எல்லாக் கோடுகளையும் மாற்றிவிடுங்கள். முன்பு பொருத்திய நிறுவனம் இன்ஸ்டாலர் கோடை வைத்துக்கொண்டு தர மறுப்பதும் உண்டு. நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பொருளின் சாவி அது. கேட்பதில் தயக்கம் வேண்டாம். தராவிட்டால், பல பேனல்களில் போர்டின் ஜம்பர் வழியாகத் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும் வழியைக் கையேடே சொல்லும். அப்போது எல்லா ஜோன் அமைப்புகளும் அழியும் என்பதால் அவற்றை முன்னரே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுக்கச் சொல்வார்கள். பழைய வீட்டு அலாரத்துக்கு அது அரிதாகவே கட்டுபடியாகும். இத்தகைய ஒப்பந்தங்களில் பேட்டரி பெரும்பாலும் சேராது, அதிகம் கெடுவதோ பேட்டரிதான். ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டியும் ஆள் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் செய்யலாம், கட்டணமில்லை.

புதிய பேனலின் விலையில் பாதிக்கு மேல் பழுதுக் கூலி கேட்கப்பட்டால், பழுது பார்க்காமல் பேனலை மட்டும் மாற்றுவது நல்லது என்பது என் கணிப்பு. அப்போதும் வயரிங், சென்சார்கள், சைரன், அண்மையில் வாங்கிய பேட்டரி ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கடையில், "வயர்டு ஜோன் எத்தனை இருக்கிறது?" என்று கேளுங்கள், வயர்லெஸ் மட்டுமே ஏற்கும் பேனலை வாங்கினால் சுவருக்குள் இருக்கும் முதலீடு வீணாகிவிடும்.

பழுது முடியும்வரை, அலாரம் வேலை செய்யவில்லை என்பதை வெளியாட்களிடம் பேச வேண்டாம். வெளியூர் செல்ல நேர்ந்தால், பூட்டிய வீட்டைப் பற்றி உள்ளூர்க் காவல் நிலையத்தில் தெரிவித்துவிட்டுச் செல்லுங்கள். தமிழ்நாட்டுக் காவல்துறை பல ஆண்டுகளாக மக்களைக் கேட்டுக்கொண்டு வருவதும் இதைத்தான்.

கடைசிச் சோதனை

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, ஒவ்வொரு கதவாகத் திறந்தும், ஒவ்வொரு அறையாக நடந்தும், கீபேடில் சரியான ஜோன் எண் வருகிறதா என்று பாருங்கள். ஒருவர் நடக்க, மற்றவர் கீபேடைப் பார்த்து எண்ணைச் சொல்வது எளிது. பின்னர் மெயின் மின்சாரத்தை அணைத்து, பேட்டரியில் மட்டும் ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஐந்தாறு சென்சார்களுள்ள வீட்டில் மொத்த இழுவை கால் ஆம்பியர் அளவில்தான் இருக்கும் என்பதால், நல்ல 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஓர் இரவைச் சிரமமின்றித் தாண்டும். காலையில் சைரனை ஒருமுறை ஒலிக்கவிட்டு, டயலர் உங்கள் போனை அழைக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி மாற்றிய மாதம், ஆண்டு, ஜோன்களின் பட்டியல், ரெசிஸ்டரின் மதிப்பு, சிம்மின் ரீசார்ஜ் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பேனல் மூடியின் உட்புறத்தில் ஒட்டுங்கள். கோடுகளை மட்டும் அதில் எழுத வேண்டாம். சைரனோடு கூடிய பேட்டரி சோதனையை ஆண்டுக்கு இருமுறை, கோடை தொடங்கும் முன்பும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் செய்தால் போதும்.